அந்தோணியார் பட்டணத்தில் ஒரு வடிகால் வரலாறு



விழா மலர் என்றால் பங்கின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். நம் ஆலயம் எழும்பிய வரலாற்றையும், இங்கு உழைத்த குருக்கள், கன்னியர், உபதேசியார்கள் ஆகியோரின் நினைவுகளையும் இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். நாம் இங்கு எழுத முற்பட்டிருப்பதோ கடல் கடந்த ஓர் ஊரின் வரலாறு. அவ்வூரின் எளிய பங்கு மக்கள், தங்கள் தெருவில் தேங்கிய மழைநீரை வெளியேற்றுவதற்காகச் சங்கமாகக் கூடினர். அந்தச் சங்கம் சில ஆண்டுகளுக்குள் அம்மாநகரின் ஆட்சி முறையே மாறுவதற்குத் துணை நின்றது. தங்கள் கையுழைப்பாலும் காணிக்கையாலும் ஓர் ஆலயத்தைக் கட்டி எழுப்பிய மக்கள், அந்த ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு என்ன செய்யக் கூடும் என்ற கேள்வி விழாக் காலத்தில் நம் உள்ளத்தில் எழ வேண்டிய கேள்வி. அதற்கு அவ்வூர் மக்கள் தந்த விடையை நாம் அறிந்துகொள்வது நன்று.

ஊருக்குப் பெயர் வந்த வகை

ஜூன் 13 என்றவுடன் கொடியேற்றமும் நவநாளும் சப்பரமும் நம் நினைவுக்கு வரும். பதுவைப் பதியராம் புனித அந்தோணியாரின் திருநாள் அது. 1691-ஆம் ஆண்டு அதே ஜூன் 13 அன்று, ஸ்பானியப் படையணி ஒன்றும் அதனுடன் சென்ற பிரான்சிஸ்கு சபைக் குருக்களும், இன்றைய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் வந்து தங்கினர். பயாயா என்னும் பூர்வகுடிகளின் குடியிருப்பு அங்கு இருந்தது. புனிதரின் திருநாளில் வந்து சேர்ந்ததால் அவ்விடத்திற்கு அவர் பெயரையே இட்டனர். ஸ்பானிய மொழியில் அது சான் அன்டோனியோ. 1718-ஆம் ஆண்டு அங்கு மறைபரப்புத் தளம் நிறுவப்பட்டது. அதைச் சுற்றி ஊரும் வளர்ந்தது.

அந்தக் காலத்துக் குருக்களும் பூர்வகுடி மக்களும் முதலில் செய்த பணிகளுள் ஒன்று வாய்க்கால் வெட்டியது. ஆற்று நீரைத் திருப்பி வயல்களுக்குக் கொண்டு சென்ற அவ்வாய்க்கால்களுள் சிலவற்றில் இன்றும் நீர் ஓடுகிறது. தண்ணீரைப் பொதுச் சொத்தாகக் கருதி முறை வைத்துப் பங்கிட்டுக் கொண்ட ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், 20-ஆம் நூற்றாண்டில், ஏழைகளின் தெருக்களில் மழைநீர் வடிவதற்கு வழியில்லாமற் போனது வருந்தத் தக்கதே.

மேற்குப் பகுதியின் துயரம்

நகரின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்கோ வழி வந்த கத்தோலிக்க மக்கள். கூலி வேலை செய்வோர், தையல் வேலை செய்வோர், அரசின் விமானப்படைத் தளங்களில் பணி புரிவோர் எனப் பலரும் அங்கு இருந்தனர். தாழ்வான நிலம், குறுக்கும் நெடுக்குமாய் ஓடைகள். மழை பெய்தால் ஓடை எது, தெரு எது என்று தெரியாத நிலை.

1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெய்த பெருமழையில் அந்நகரில் 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களுள் பெரும்பான்மையோர் மேற்குப் பகுதியில் அலசான் ஓடைக் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். வெள்ளத்திற்குப் பின் நகராட்சி விழித்துக் கொண்டது உண்மை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஓல்மோஸ் ஓடையின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டது. ஆனால் அந்த அணை காத்தது நகரின் நடுவிலுள்ள வணிகப் பகுதியை. மக்கள் மிகுதியாக மாண்டது எந்த ஓடையின் கரையிலோ, அந்த ஓடை ஏறத்தாழ அப்படியே விடப்பட்டது.

அப்பகுதியில் காசநோயும் குழந்தை மரணமும் மலிந்திருந்தன. 1932-ஆம் ஆண்டு குவாதலூப்பே அன்னை ஆலயத்திற்குப் பங்குத் தந்தையாக வந்த கார்மெலோ திராங்கேசே என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு இக்கொடுமையைக் கண்டு மனம் பொறாது, ஏழைகளுக்கு நல்ல வீடுகள் வேண்டுமென அரசிடம் இடைவிடாது வாதாடினார். அவர் முயற்சியின் பயனாக அரசின் செலவில் ஒரு பெரிய குடியிருப்பு எழுந்தது. அது ஒரு பெருந்தகையின் தனி உழைப்பு. அவரை நாம் வணங்குகிறோம். ஆயினும் ஒரு குருவானவர் மாற்றலாகிப் போனால் அல்லது இறந்து போனால், அவர் தொடங்கிய பணி என்னவாகும்? அடுத்த தலைமுறை இந்தக் கேள்விக்கு வேறொரு விதமாக விடை கண்டது.

சிகாகோவிலிருந்து வந்த வித்து

இந்த வழிமுறைக்கு வித்து ஊன்றப்பட்டது வேறொரு நகரில். சிகாகோ நகரில் கால்நடை வெட்டும் பெரிய தொழிற்சாலைகளின் பின்புறம் ஒரு சேரி இருந்தது. போலந்து, லிதுவேனியா, அயர்லாந்து முதலிய பல நாட்டுக் கத்தோலிக்கர் அங்கு வாழ்ந்தனர். ஒரே மதத்தினராயினும் மொழிக்கு ஒரு கோவில் வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் ஒட்டாமல் இருந்தனர். 1939-ஆம் ஆண்டு சால் அலின்ஸ்கி என்பவரும் ஜோசப் மீகன் என்பவரும், துணை ஆயர் பெர்னார்டு ஷீல் அவர்களின் ஆதரவோடு, அப்பங்குகளையும் தொழிற்சங்கத்தையும் ஒன்று சேர்த்து ஓர் அக்கம்பக்கத்தார் பேரவையை அமைத்தனர். அலின்ஸ்கி யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; மீகன் கத்தோலிக்கர். வேற்றுமைகளை வைத்துக்கொண்டே பொது நன்மைக்காக ஒன்று சேரலாம் என்பதை அப்பேரவை எண்பித்தது. அடுத்த ஆண்டு அலின்ஸ்கி, இத்தகைய சங்கங்களைப் பிற ஊர்களிலும் அமைக்கப் பயிற்சி தருவதற்கென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் 1972-இல் காலமானார்.

அந்நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் எர்னஸ்டோ கோர்தேஸ். 1943-இல் பிறந்த இவர் சான் அன்டோனியோவின் மைந்தர். மேற்குப் பகுதியின் இயேசு சபைக் குரு எட்முண்டோ ரோட்ரிகஸ் முதலிய சிலர் வரவேற்க, தம் சொந்த ஊருக்கே திரும்பி வந்தார்.

முதலில் காது, பிறகே வாய்

கோர்தேஸ் செய்த முதல் வேலையைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர் மேடை போடவில்லை; சுவரொட்டி ஒட்டவில்லை. வீடு வீடாகச் சென்று மக்கள் சொன்னதைக் கேட்டார். நூற்றுக்கணக்கான குடும்பங்களைச் சந்தித்தார். வாய்ச்சொல் வீரர்களை அவர் தேடிப் போகவில்லை. பங்கு விருந்துக்குச் சமைப்பவர் யார், மாதா சபையில் கணக்கு எழுதுபவர் யார், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் ஓசையின்றி உழைப்பவர் யார் என்று விசாரித்து அவர்களைத் தேடிச் சென்றார். ஒரு பண்டிகைக்கு ஆயிரம் பேருக்கு உணவு சமைத்துப் பரிமாறி, செலவுக் கணக்கும் ஒப்புவிக்கிற ஒரு பெண்மணிக்கு நிர்வாகத் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அத்திறமை அதுவரை கோவில் மதிலுக்குள் மட்டும் பயன்பட்டு வந்தது.

படித்த இளைஞர்களும் அரசியல் ஆர்வலர்களும் அந்நாளில் இனப் பாகுபாடு, காவலர் கொடுமை என்று பெரிய பிரச்சினைகளைப் பற்றிப் பேசி வந்தனர். அவை பொய்யான பிரச்சினைகள் அல்ல. ஆனால் சாப்பாட்டு மேசையருகே அமர்ந்து கேட்டபோது, தாய்மார்கள் திரும்பத் திரும்பச் சொன்னது மழைநீரைப் பற்றி. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிப் பள்ளிக்குப் போகிறார்கள். ஓடையைக் கடக்கப் பாலமில்லை. தெருவுக்குத் தார் இல்லை. தங்கள் உள்ளத்தில் எரிகின்ற பிரச்சினையையே மக்கள் கையில் எடுப்பார்கள்; பிறர் எடுத்துக் கொடுப்பதை எடுக்க மாட்டார்கள். இதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வாறு 1974-ஆம் ஆண்டு அச்சங்கம் உருவாயிற்று. பொதுப்பணிக்காக ஒன்றுபட்ட சமூகங்கள் என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் காப்ஸ் என்று வரும். அந்நாட்டுப் பேச்சு வழக்கில் அது காவலரைக் குறிக்கும் சொல். நகரின் பணம் எங்கே போகிறது என்று காவல் காக்க வந்த சங்கத்துக்கு அப்பெயர் பொருத்தமே.

1974 ஆகஸ்டு

அவ்வாண்டு ஆகஸ்டில் கனமழை பெய்து மேற்குப் பகுதி மறுபடியும் வெள்ளக்காடாயிற்று. இம்முறை மக்கள் மனு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திராமல், ஒரு பள்ளி மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் கூடி நகர நிர்வாக அதிகாரியை அழைத்துக் கேள்வி கேட்டனர். பின்னர் திரளாக நகர மன்றத்துக்கே சென்றனர்.

வெறுங்கையோடு அவர்கள் செல்லவில்லை. பல வாரங்களாக நகராட்சி அலுவலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டியிருந்தனர். அதில் ஓர் உண்மை தெரிய வந்தது. தங்கள் பகுதிக்குரிய மேபெரி வடிகால் திட்டம் 1945-ஆம் ஆண்டிலேயே நகரின் திட்டங்களுள் இடம்பெற்றிருந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. ஓர் இல்லத்தரசி எழுந்து நின்று ஆண்டும் விவரமுமாய் இதைச் சொன்னபோது, மேயர் சார்லஸ் பெக்கர் அவர்களே வியந்து தம் அதிகாரிகளை நோக்கி உண்மைதானா என்று கேட்க நேர்ந்தது. உண்மைதான். உடனே நிதிக்கு வழி காணும்படி அவர் பணித்தார். அதே ஆண்டு நவம்பரில், வடிகால் பணிகளுக்காக 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைக் கடன் பத்திரங்கள் வழியாகத் திரட்டும் திட்டத்துக்கு நகர மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தனர்.

அம்மாதத்திலேயே சங்கத்தின் முதல் மாநாடு கூடிற்று. முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்ட்ரெஸ் சராபியா, விமானப்படைத் தளத்தில் பணியாற்றியவர். பங்குப் பணிகளில் ஈடுபட்டிருந்த ஒரு குடும்பத் தலைவர். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் பெற்றோர் சங்கப் பணியில் பயின்ற பெயாட்ரிஸ் கயேகோ என்னும் இல்லத்தரசி. தொடர்ந்து வந்த தலைவர்களிலும் பெண்கள் பலர்.

சில்லறை மாற்றிய நாட்கள்

வடிகாலுக்கு வழி பிறந்தது. ஆனால் தார்ச் சாலை, பாலம், பூங்கா, நூலகம் என்று தேவைகள் நீண்டன. நகரின் வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்து, இப்படியும் செலவிடலாம் என்று மாற்றுத் திட்டம் ஒன்றைச் சங்கத்தார் தாங்களே வகுத்தனர். நகரின் பெரு வணிகர்கள் அதனை ஆதரித்தால் நகர மன்றம் இணங்கும் என்பது அவர்கள் கணிப்பு. வணிகர்களோ பேசவே முன்வரவில்லை.

1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், நகரின் பெயர் பெற்ற ஜாஸ்கி துணிக்கடைக்குள் மேற்குப் பகுதி மக்கள் நூற்றுக்கணக்கில் நுழைந்தனர். உடைகளை எடுத்துப் பார்த்தனர், போட்டுப் பார்த்தனர், வைத்துவிட்டனர். யாரும் எதுவும் வாங்கவில்லை. யாரும் சட்டத்தை மீறவுமில்லை. மறுநாள் ஃபிராஸ்ட் வங்கியில் வரிசை நின்றது. டாலர் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவர். பிறகு அடுத்த சன்னலுக்குப் போய்ச் சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்குவர். வங்கியின் வேலையே நின்று போனது. நகரம் முழுவதும் இதே பேச்சு. பேச மறுத்தவர்கள் பேச அமர வேண்டியதாயிற்று.

அத்துணிக்கடையைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அதன் பக்கத்தில் ஜெர்மானியக் கத்தோலிக்கர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித சூசையப்பர் ஆலயம் இருக்கிறது. கடையை விரிவாக்க ஆலய நிலத்தை விலைக்குக் கேட்டபோது பங்கு மக்கள் மறுத்துவிட்டனர். கடை ஆலயத்தை மூன்று பக்கமும் சூழ்ந்து கட்டப்பட்டது. ஜாஸ்கி என்ற பெயர் 1987-இல் மறைந்தது. புனித சூசையப்பர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. ஒரு பங்கு தன் ஆலயத்துக்காக உறுதியாக நிற்க வல்லது என்பதை அந்நகரம் முன்னரே கண்டிருந்தது. அந்த உறுதி தெருவுக்காகவும் பயன்படக் கூடும் என்பதை 1975-இல் கண்டது.

குடிநீரும் வாக்குச்சீட்டும்

அந்நகருக்கு அக்காலத்தில் குடிநீர் தந்தது எட்வர்ட்ஸ் என்னும் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றே. மழைநீர் பூமிக்குள் இறங்கும் வடக்குப் பகுதியில், அந்நிலத்தின் மேலேயே ஒரு மாபெரும் வணிக வளாகம் கட்ட நகர மன்றம் அனுமதி அளித்தது. காப்ஸ் சங்கத்தார் சுற்றுச்சூழல் ஆர்வலர்களோடு கைகோத்துக் கையெழுத்துத் திரட்டினர். 1976 ஜனவரியில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் அவ்வனுமதியை எதிர்த்து வாக்களித்தனர். தங்கள் தெரு நீருக்காகத் தொடங்கிய சங்கம், பணக்காரரும் ஏழையும் ஒருங்கே பருகும் நீருக்காக நின்றது. அதனாலேயே அதன் மதிப்பு உயர்ந்தது.

இன்னும் ஆழமான ஒரு பிணி இருந்தது. 1970-ஆம் ஆண்டளவில் நகர மக்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் மெக்சிக்கோ வழியினர். ஆனால் நகர மன்ற உறுப்பினர் ஒன்பது பேரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. வட்டம் வாரியான தேர்தல் இல்லை. தேர்தலில் நின்று வெல்லப் பெரும்பணம் வேண்டும். ஆகவே உறுப்பினர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வடபகுதியினராகவே இருந்தனர். மேற்குத் தெருவில் வெள்ளம் வந்தால் இன்னார் பொறுப்பு என்று சுட்டுவதற்கு ஆளே இல்லை.

1975-இல் அந்நாட்டின் வாக்குரிமைச் சட்டம் டெக்சாசுக்கும் விரிவாக்கப்பட்டது. நகரின் தேர்தல் முறை குறித்து நடுவண் நீதித்துறை ஆட்சேபம் எழுப்பிற்று. 1977 ஜனவரியில், மேயர் நீங்கலாகப் பத்து உறுப்பினர்களைப் பத்து வட்டங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. காப்ஸ் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று உழைத்தனர். திட்டம் குறுகிய வாக்கு வேறுபாட்டில் வென்றது. அவ்வாண்டு ஏப்ரலில் அமைந்த 11 பேர் கொண்ட மன்றத்தில் மெக்சிக்கோ வழியினர் 5 பேர், கறுப்பினத்தவர் ஒருவர். 1981-இல் ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். 1842-க்குப் பின் அந்நகருக்கு மெக்சிக்கோ வழியில் வந்த மேயர் அவரே.

சங்கம் நடந்த முறை

இத்தனையும் எப்படி நிகழ்ந்தது? அவர்கள் கைக்கொண்ட சில ஒழுங்குகளைக் கூறுவோம்.

முதலாவது, தாமே செய்துகொள்ளக் கூடியதைப் பிறருக்காக நாம் செய்து கொடுக்கலாகாது என்பது அவர்களின் தலையாய விதி. அதை இரும்பு விதி என்றே அழைத்தனர். நகர மன்றத்தில் பேச வேண்டியவர் வெள்ளத்தில் நனைந்த வீட்டின் தாய். அவருக்குப் பதிலாகக் குருவானவரோ பயிற்றுநரோ எழுந்து பேசுவதில்லை. கோர்தேஸ் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தார்.

இரண்டாவது, உறுப்புப் பங்குகள் தங்கள் வசதிக்கேற்பச் சந்தா செலுத்தின. ஆயர்கள் ஏழைகளின் முன்னேற்றத்துக்கென நிறுவிய நிதியிலிருந்து உதவி கிடைத்தது. ஆனாலும் சொந்தப் பணம் போட்டவனுக்கே சங்கம் சொந்தமாகும் என்பதில் உறுதியாயிருந்தனர். நகராட்சியின் பணத்தைச் சங்கம் தன் கையால் தொடவில்லை. வடிகால் கட்டுவது நகராட்சியின் வேலை. கட்ட வைப்பதே சங்கத்தின் வேலை.

மூன்றாவது, தலைமைப் பதவி ஒருவரிடமே தங்கவில்லை. குறித்த காலத்தில் புதியவர்கள் வந்தனர். பழையவர்கள் அவர்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

நான்காவது, எந்த வேட்பாளரையும் சங்கம் ஆதரிக்கவில்லை. தேர்தலுக்கு முன் வேட்பாளர்களை அழைத்து, இன்ன பணியைச் செய்வீர்களா, மாட்டீர்களா என்று கேட்பார்கள். நீண்ட சொற்பொழிவுக்கு இடமில்லை. ஆம் அல்லது இல்லை என்ற பதிலே வேண்டும். எல்லாக் கட்சியினருக்கும் இதே கேள்வி, இதே நேரம்.

ஐந்தாவது, நிலையான பகைவர் என்று யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. இதற்குச் சான்று உண்டு. 1990-ஆம் ஆண்டு நகரில் இருந்த ஒரு பெரிய தையல் தொழிற்சாலை மூடப்பட்டு 1000-க்கு மேற்பட்டோர் வேலை இழந்தபோது, சங்கத்தார் ஏழைத் தொழிலாளருக்கு நீண்ட காலப் பயிற்சி அளித்து நல்ல வேலையில் சேர்க்கும் திட்டம் ஒன்றை உருவாக்கினர். 1992-இல் உருப்பெற்ற அத்திட்டத்துக்கு வேலை தருவோரின் ஒத்துழைப்பைத் திரட்ட உதவியவர்களுள், முன்பு சில்லறை மாற்றும் வரிசை நின்ற அதே வங்கியின் தலைவர் டாம் ஃபிராஸ்டும் ஒருவர்!

கோவிலுக்கு இது தகுமா?

குறை கூறியோரும் இருந்தனர். கோவிலில் செபிக்க வந்தோம், சாக்கடையைப் பற்றிப் பேசவா வந்தோம் என்று கேட்ட பங்கு மக்கள் உண்டு. வங்கியிலும் கடையிலும் செய்தது மரியாதைக் குறைவு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இந்த ஐயங்களைப் புறந்தள்ளுவது சரியன்று. சங்கம் கோவிலின் இடத்தைப் பிடித்துவிடும் ஆபத்து எங்கும் உண்டு; சினம் அன்பை விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

ஆனால் விவிலியத்தைத் திறந்து பார்ப்போம். எருசலேமின் மதில் இடிந்து கிடந்தபோது நெகேமியா என்ன செய்தார்? குருக்களும் பொற்கொல்லரும் வணிகரும் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த மதிற்பகுதியைக் கட்டியதாக அந்நூல் ஒவ்வொரு பெயராக எழுதி வைத்திருக்கிறது. நடுவனிடம் சளைக்காமல் சென்று நீதி கேட்ட கைம்பெண்ணை ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாகக் காட்டினார். 1931-இல் பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், சிறு சமூகங்கள் தாமே செய்யக் கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது நீதிக்கு மாறானது என்று போதித்தார். மேற்குப் பகுதி மக்களின் இரும்பு விதிக்கும் திருத்தந்தையின் போதனைக்கும் உள்ள உறவை நாம் விளக்க வேண்டியதில்லை.

மேலும், அந்த ஆயர்கள் தம் மக்களோடு நின்றனர். குடியானவக் குடும்பத்தில் பிறந்து, பிறர் வயல்களில் கூலி வேலை செய்து வளர்ந்த பத்ரீசியோ புளோரெஸ், 1970-இல் அந்நாட்டின் முதல் மெக்சிக்கோ வழி ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1979-இல் அவர் சான் அன்டோனியோவின் பேராயரானார். அவருடைய ஆதரவு சங்கத்துக்குப் பெரும் பலம். 1987 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்நகருக்கு வந்தபோது, அதே மேற்குப் பகுதியில், குவாதலூப்பே அன்னை ஆலயத்தின் முன்னுள்ள திடலில் நின்று ஸ்பானிய மொழியில் அம்மக்களோடு பேசினார்.

சங்கம் தொடங்கி 50 ஆண்டுகள் 2024-இல் நிறைவுற்றன. ஆரம்பத்தில் உழைத்தவர்கள் பலர் இறைவனடி சேர்ந்துவிட்டனர். சங்கம் வேறொரு சங்கத்தோடு இணைந்து இன்னும் நடைபெறுகிறது. திராங்கேசே அடிகளாரின் காலத்தில் எழுந்த கேள்விக்கு, அதாவது ஒருவர் போய்விட்டால் பணி என்னவாகும் என்ற கேள்விக்கு, இந்த 50 ஆண்டுகளே விடை. வறுமை அங்கு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மேற்குப் பகுதி இன்றும் நகரின் ஏழைப் பகுதிதான். ஆனால் அது கேட்பாரற்ற பகுதியாக இல்லை.

நமது பங்கிற்கு

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஊரார் ஒன்றுகூடி மண் வெட்டிய குடிமராமத்து நம் நாட்டின் பழைய வழக்கம். ஆதலால் சங்கமாகக் கூடுவது நமக்குப் புதிதன்று. ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம். இந்த விழாவுக்காக அன்பியம் அன்பியமாக வரி பிரித்தோம், பந்தல் போட்டோம், அன்னதானத்துக்கு அரிசி அளந்தோம், ஒரு காசுக்கும் கணக்கு எழுதினோம். கோர்தேஸ் தேடிச் சென்ற ஆட்கள் இங்கும் இருக்கிறார்கள்.

கொடி இறங்கிய பின் இந்தத் திறமைகள் எல்லாம் அடுத்த திருநாள் வரை உறங்க வேண்டுமா? விழா முடிந்ததும் நடைபெறும் முதல் அன்பியக் கூட்டத்தில் செபமாலைக்குப் பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் உங்களை வருத்துவது எது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அண்டை வீட்டு இந்துச் சகோதரரையும் இசுலாமியச் சகோதரரையும் அழையுங்கள். தேங்கிய நீரும் கொசுவும் மதம் பார்ப்பதில்லை. பேசத் தயங்குகிற தாய்மாரை முதலில் பேச விடுங்கள். சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எது முதல் வேலை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அலுவலகத்துக்குப் போவதற்கு முன், அந்த வேலைக்கு எப்போது ஒப்புதல் கிடைத்தது, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று விசாரித்து அறியுங்கள். நம் நாட்டில் 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு குடிமகன் கேட்டுப் பெறக்கூடிய விவரங்கள் பல.

அந்தக் குழுவுக்குப் பங்குத் தந்தை தலைவராக இருக்க வேண்டாம். குருக்கள் மாற்றலாகிப் போகிறவர்கள், தெரு உங்களுடையது. நாம் செபத்தோடும் ஆலோசனையோடும் பின்வரிசையில் இருப்போம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பெரியோர் வாக்கு. முதல் நோட்டின் முதல் பக்கம் அடுத்த மாதத்திற்குள் எழுதப்படுமாயின், இந்த யூபிலி ஆண்டு கொடுத்த பலன்களுள் அதுவும் ஒன்றாகும்.

தம் பெயரைத் தாங்கிய பட்டணத்தின் ஏழைகளுக்குத் துணை நின்ற கோடி அற்புதராம் புனித அந்தோணியார், நம் பங்கு மக்களுக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.